பொன்னுக்கு வீங்கி வற்றிய பிறகு

நெய்வேலி
12.3.1979

நீரு எழுதினது ஒண்ணுகூட சரியில்ல மாப்ளே. உம்ம மவ கழுத்துச் சங்கிலிய நான் அடகும் வைக்கல, விக்கவும் இல்ல. இங்க மைன்சுல வேலை பாக்குற நம்மூரு துரைராஜ் லீவுல அங்க வந்தான், 'தமயந்தி கழுத்து வெறுங்கழுத்தா கெடக்கு, சங்கிலி அவ புருசன் கழுத்துல ஆடுது'ன்னு சொன்னான். அவன் பாத்தது நெசம்தான். ஏன் ஆடுதுன்னு ஒரு வார்த்தை இங்க கேட்டானா? கேக்கல. ஊருக்குக் கொண்டுபோக ஒரு சேதி கெடச்சிச்சு, கொண்டு வந்துட்டான். நீரும் மூணு பக்கத்துக்கு என்னையத் திட்டி எழுதிப்புட்டீரு.

உம்ம மருமவன் ஜெயராமனுக்கு பொன்னுக்கு வீங்கி வந்திருக்கு. ரெண்டு காதுக்குக் கீழயும் வீங்கி, மூஞ்சி பண்ருட்டிப் பலாப்பழம் சைசுக்கு ஆயிட்டு. கஞ்சிகூட முழுங்க முடியல. எதிர்த்த குவார்ட்டர்ஸ் புள்ளையளுக்கெல்லாம் வந்துச்சு. அதுகளத் தூக்கிக் கொஞ்சினவன் இவன்தான். இருவத்தேழு வயசுல இவனுக்கும் ஒட்டிக்கிட்டு. வீட்டு வேலைக்கு வார சாமியம்மா இந்த ஊர்க்காரி. பாத்ததும் சொல்லிட்டா. "பவுன் சங்கிலி போட்டுகினு இருந்தா தன்னால வத்திடும் பெரியவரே. எங்க வூட்ல சங்கிலிக்கு எங்க போறது, இரவல் வாங்கிப் போடுவோம்"னா. உம்ம மவ யாரும் கேக்குறதுக்கு முன்னால கழட்டி அவன் கழுத்துல மாட்டிட்டா. இதுல என் குத்தம் எங்க இருக்கு? வேணும்னா சாமியம்மாளுக்கு ஒரு கடுதாசி போட்டுத் திட்டும்.

உமக்கு மூட்டுவலி தேவலையா? உம்ம வீட்டுக்காரி தங்கச்சியும் சின்ன மவ தனபாக்கியமும் சொகமா? உம்ம அக்கா சுப்புலட்சுமிக்கு ஒரு கொறையும் இல்ல, சத்தம் நல்லா வருது.

இப்படிக்கு,
உம்ம அக்காளையும் கட்டி, உம்ம மவளையும் மருமகளா எடுத்து, ரெண்டு பக்கமும் அடி வாங்குற
மாடசாமி

*

சங்கரன்கோவில்
20.3.1979

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, பரமசிவம் வணங்கி எழுதுவது. இங்கு மூட்டுவலி நீங்கலாக எல்லாம் நலம். தங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

துரைராஜ் பேச்சை நம்பி அவசரப்பட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு வீக்கம் வற்றிவிட்டதா? பெரிய வயதில் இது வந்தால் நன்றாகப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று இங்குள்ள கம்பவுண்டர் சொல்கிறார். காரணம் கேட்டேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அக்காவிடம் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அ. பரமசிவம்
போஸ்ட் மாஸ்டர் (ஓய்வு)

*

நெய்வேலி
6.4.1979

மாப்ள பரமசிவத்துக்கு, மாடசாமி எழுதுறது. இத இன்லாண்டுல எழுதுதேன். கார்டுன்னா போஸ்ட்மேன் படிச்சுட்டுத்தான் குடுப்பான். நீரு உத்தியோகத்துல இருந்தப்ப எத்தன கார்டு படிச்சிருப்பீருன்னு எனக்குத் தெரியாதா?

சங்கிலி வேலை செஞ்சுட்டு. அந்த வாரமே வீக்கம் வத்தி, மூஞ்சி பழையபடி ஆயிட்டு. சாமியம்மாளுக்கு உம்ம அக்கா ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக் குடுத்தா. சங்கிலி உம்ம மவ கழுத்துக்குத் திரும்பிட்டு. ஜெயராமனும் உடனே ஷிப்டுக்குப் போயிட்டான். மைன்சுல லீவு எடுத்தா அவனுக்குத் தூக்கம் வராது. அந்தப் பெரிய மெஷின் மேல ஏறி எறங்கிட்டு வந்தான்.

வந்தவனுக்கு அன்னிக்கே திரும்பவும் காய்ச்சல். தாடையில ஒண்ணுமில்ல. ஆனா நடை மாறிப்போச்சு. காலை அகட்டி வச்சு, வாத்து கணக்கா நடக்கான். நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டுக்காரங்க நிக்கும்போது 'எங்க வீட்டு வாத்து பாத்ரூம் போவுது, வழி விடுங்க'ன்னு சொல்லிப்புட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

உம்ம மவதான் புடிவாதமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் எங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு அவன்கிட்ட மட்டும் பேசினாரு. என்னன்னு கேட்டேன். 'வயித்து வலி'ன்னான். ரெண்டு வாரம் படுக்கச் சொல்லியிருக்காங்க. படுத்துத்தான் கெடக்கான். என்கூடப் பேச மாட்டேங்கான். வாத்துன்னு சொன்னதுக்கு இவ்வளவு கோவமான்னு நெனைச்சுக்கிட்டேன்.

பிரஷர் மாத்திரை முழுங்குதேன். உம்ம மூட்டுக்கு நல்லெண்ணெய் தடவும்.

மாடசாமி

*

சங்கரன்கோவில்
5.2.1981

மரியாதைக்குரிய அத்தானுக்கு, பரமசிவம் வணக்கம். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா ஒரு விஷயம் பேசினாள். தங்களுக்குத் தெரிந்தேதான் பேசினாள் என்று நினைக்கிறேன். தமயந்திக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. வயிறு திறக்கவில்லை. வெளியில் பெண் பார்ப்பதைவிடச் சின்னவள் தனபாக்கியத்தையே மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தால் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருப்பார்கள் என்பது அக்காவின் எண்ணம். தாயில்லாத என்னை வளர்த்தவள் அவள். அவள் கேட்டதை நான் மறுத்ததில்லை. 'எனக்குச் சம்மதம்' என்று தமயந்தியும் ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

தனபாக்கியத்திடம் இன்னும் சொல்லவில்லை. தங்கள் கருத்தை அறிந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
அ. பரமசிவம்

*

நெய்வேலி
27.2.1981

மாப்ளே, சொகந்தானே? இங்க சொகத்துக்குக் கொறச்சல் இல்ல.

உம்ம கடுதாசி வந்து நாளாச்சு. கண்ணாடி உடைஞ்சு போச்சு, அதான் பதில் போடல. கண்ணாடி உடையலைன்னு உம்ம அக்கா சொன்னா நம்பாதீரும்.

ரெண்டாங் கல்யாணம் லேசுப்பட்ட காரியம்னு நெனைச்சீரா? இது கம்பெனி உத்தியோகம். ஒருத்தி உசிரோட இருக்கும்போது இன்னொருத்தியக் கட்டினா வேலை போயிரும்னு சட்டம் இருக்கு. பெர்மனென்ட் வேலையக் காவு குடுத்து ரெண்டு பொண்டாட்டி வச்சு, அவன் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல பலாச்சுளை விக்கவா? குவார்ட்டர்ஸ்ல இருக்கதே ரெண்டு ரூமு. ஒண்ணுல நான் இருமுதேன், இன்னொண்ணுல உம்ம அக்கா பேசுதா. தனபாக்கியத்த எங்க படுக்கவைக்க? சமையக்கட்டுலயா?

பங்குனி வேண்டாம். சித்திரை வெயிலு. வைகாசியில எனக்கு சாதகம் சரியில்ல. பொறவு பாப்போம். தனபாக்கியத்துக்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராதீரும்.

மாடசாமி

*

சங்கரன்கோவில்
8.3.1981

மரியாதைக்குரிய அத்தானுக்கு, வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

சட்டம் எனக்கும் தெரியும். துரைராஜிடம் விசாரித்தேன். வெளியே தெரியாமல் கோயிலில் தாலி கட்டி, கொழுந்தியாள் துணைக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அங்கேயே உண்டு என்கிறான். இடம் போதவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா?

பொங்கலுக்குத் தமயந்தியும் கூட வந்தபோதே அவளைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் அக்கா காட்டினாள். இவளிடம் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராமேஸ்வரமும் போய் வந்தாயிற்று. உடம்பில் குறை இல்லையென்றால் தெய்வக் குறை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஆவணியில் நல்ல நாள் பார்த்துவிட்டேன். தனபாக்கியத்திடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
அ. பரமசிவம்

*

நெய்வேலி
24.3.1981

மாப்ளே, எல்லாரும் தேவலையா? சின்னவ சாப்பிடுதாளா? அத மொதல்ல எழுதும்.

அந்த டாக்டரம்மா வேற ஒண்ணும் கேக்கலையா? புருசனையும் கூட்டிட்டு வான்னு சொல்லலையா? உம்ம அக்கா இங்க வந்து அத மட்டும் சொல்லல. டாக்டரம்மா சொல்லியிருந்தாலும் அவ காதுல விழுந்திருக்காது.

அது கெடக்கட்டும். உம்ம அத்தானுக்கு வந்த ஆசையைக் கேளும். போன வாரம் பிரஷர் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டர், கோயமுத்தூர்ப் பக்கம், சின்ன வயசு. 'டாக்டரய்யா, எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வத்திருச்சு. பொறவு திரும்பவும் காய்ச்சல் வந்து, காலை அகட்டி வாத்து கணக்கா நடந்தேன். இனிமே எனக்குப் புள்ள பொறக்குமா'ன்னு கேட்டேன்.

"ஏனுங் பெரியவரே, உங்களுக்கு வயசு என்னங்க?"

"அறுவத்தாறு."

"இனிப் பொறந்தா என்னங்க, பொறக்காட்டி என்னங்க?"

"ஆசைதான்"னேன்.

வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. பொறவு சிரிப்ப நிறுத்திட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "நெசமா யாருக்குங்க வந்தது?"ன்னாரு. எனக்குத்தான்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயி கதவச் சாத்திட்டு வந்தாரு.

அவரு சொன்னத உமக்கும் எழுதுதேன், பொழுதுபோகப் படியும். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால வருதாம். இருமினாத் தும்மினா ஒட்டுமாம். பவுனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். தாடை வீக்கம் சங்கிலி போட்டாலும் வத்தும், போடாட்டாலும் வத்துமாம். சின்னப் புள்ளையளுக்கு அதோட போயிரும். மீசை மொளச்சவனுக்கு வந்தா, சிலபேருக்கு மேல வத்துற நேரத்துல கீழ எறங்கி விதை வீங்குமாம். வத்திருச்சுன்னு எந்திரிச்சு ஓடாம படுத்துக் கெடக்கணும். துணியால தாங்கிக் கட்டணும், குளிர்ந்த ஒத்தடம் குடுக்கணும், வலிக்கு மாத்திரை உண்டு. கிருமியக் கொல்ல மருந்து கெடையாது. வராம தடுக்க வெளிநாட்டுல ஊசி இருக்காம், நம்ம புள்ளையளுக்கு இன்னும் வந்து சேரல. அதனால வீங்கின புள்ளைய மத்ததுகளோட சேர்க்காம வைக்கதுதான் வழியாம்.

ஒரு பக்கம் வீங்கினா பெரிசா பயமில்ல. ரெண்டு பக்கமும் வீங்கினா சிலபேருக்குச் சுருங்கிப் போயி வித்து கொறஞ்சிருமாம். அப்பவும் எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது, எடுத்துப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியும்னாரு. "நெசமா வந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க, கூச்சப்பட வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு சொல்லி அனுப்பினாரு.

எனக்கு இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன். ஜெயராமன் சோத்தத் தின்னுட்டு ஷிப்டுக்குப் போறான். கல்யாணம் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.

மாடசாமி

*

சங்கரன்கோவில்
10.6.1981

அத்தானுக்கு,

தங்கள் கடிதத்தை முதல் முறை படித்துவிட்டுச் சிரித்தேன். மறுநாள் மீண்டும் எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகு பதில் எழுதக் கை வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கம்பவுண்டர் அன்று ஏன் சிரித்தார் என்று இப்போது அவரிடமே போய்க் கேட்டேன். சொன்னார்.

தனபாக்கியம் பேச்சை விட்டுவிட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஆனால் பெரியவள் கதை அப்படியே நிற்கிறது. போன மாதம் இங்கே ஒரு வளைகாப்புக்கு அவளை எதிர்பார்த்து நின்றபோது என் தம்பி மனைவியே, 'அவளா? வராமல் இருப்பது நல்லதுதான்' என்றாள். மலடி என்ற சொல்லை என் காதுபடச் சொல்கிறார்கள். அதைத் துடைக்கத் தங்கள் வேடிக்கைக் கடிதம் போதாது.

அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் என் மகளை டாக்டரிடமும் கோயில் கோயிலாகவும் இழுத்துப் போனாளா?

மாப்பிள்ளை பரிசோதனைக்குப் போக வேண்டும். அல்லது தங்கள் வீட்டில் உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆடி பிறக்குமுன் வந்து தமயந்தியை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். திரும்ப அனுப்ப மாட்டேன்.

பரமசிவம்

*

நெய்வேலி
19.6.1981

அன்புள்ள அப்பாவுக்கு, தமயந்தி எழுதிக்கொண்டது. அம்மாவும் தனமும் நலமா? நான் நலமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மாமா எனக்குக் காட்டினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அத்தைக்கு எதுவும் தெரியாது அப்பா. தெரிந்திருந்தால் தனத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போதே தெரியும். அவருக்கு ஒத்தடம் கொடுத்தவள் நான்தான். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டை அவர் கிழித்துப் போட்டார். 'ஏற்கெனவே வாத்து என்றார்கள், இனி என்னவெல்லாம் சொல்வார்களோ' என்றார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். 'எனக்குச் சம்மதம்' என்று எழுதியபோது அத்தை பக்கத்தில் நின்றார்கள். எழுதி முடித்ததும் தபால் பெட்டியில் போட மாமாவிடம் கொடுத்தேன். மாமா வாங்கிக்கொண்டு போனார்.

என்னை அழைத்துப் போக வர வேண்டாம். ஊர் சொல்வதை நான் தாங்கிக்கொள்வேன். தனத்தை அனுப்பியிருந்தால் மூன்று வருடம் கழித்து அவளையும் இதே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதை நினைத்துத்தான் தூக்கம் இல்லாமல் இருந்தேன். அது நின்றதே போதும்.

உங்கள் அன்பு மகள்,
தமயந்தி

*

நெய்வேலி
12.7.1981

மாப்ளே பரமசிவம், சொகந்தானே?

போன வியாழக்கிழமை பாண்டிச்சேரி போனேன். 'கண்ணுல பூ விழுந்திருக்கு, தனியா பஸ் ஏற முடியாது, கூட வா'ன்னு ஜெயராமனக் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வரிசையில நின்னு சீட்டு வாங்கினதும் அவன் கையில குடுத்தேன். பேரப் பாத்தான். அவன் பேரு. வெளிய போயி ஒரு மரத்தடியில ரொம்ப நேரம் நின்னான். நானும் போயி நின்னேன். 'வாத்துன்னு சொன்னது தப்புதாண்டா'ன்னு சொல்லணும்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் சீட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டான்.

முடிவு வந்திருக்கு. கொறைவாத்தான் இருக்கு, ஆனா அத்துப்போவல. நாளானாலும் வழி உண்டு, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும், சூடான மெஷின் பக்கம் நிக்காத வேலையா மாத்திக்கிட்டா நல்லதுன்னு அந்த டாக்டர் சொல்லியிருக்காரு. டூட்டி மாத்தக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கான். தமயந்திக்கும் அவனே சொல்லிட்டான். இது உமக்கு.

இனிமே எழுதுறது உம்ம அக்காளுக்கு. அவ எனக்கு எதிர்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கா. இன்னிக்குச் சாமியம்மா பேத்திக்குத் தொட்டில் போட்டுப் பேரு வைக்காங்க. உம்ம மவ புறப்பட்டா. 'நீ வேண்டாம், புள்ளை இல்லாதவ முன்னால போயி நிக்கப்படாது'ன்னு சொல்லி இவ சமையக்கட்டுக்கு அனுப்பிட்டா. அதனால நான் இப்ப சத்தம் போட்டு வாசிச்சுக்கிட்டே எழுதுதேன். உரக்கச் சொல்லணும்னு நீருதானே எழுதினீரு.

'ஜெயராமனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தப்ப அது கீழ எறங்கிருச்சு'ன்னு வாசிச்சேன்.

"யாருக்கு இந்தக் கண்றாவியெல்லாம் எழுதுதீரு?"ன்னா.

"உன் தம்பிக்கு. கேளு."

'அவன் வயித்து வலின்னு சொன்னது பொய்யி. புள்ளை இல்லாததுக்குக் காரணம் அதுதான். கொறை நம்ம பையன்கிட்ட இருக்கு, பாண்டிச்சேரியில பாத்துட்டாங்க'ன்னு வாசிச்சேன்.

"அத அடியும்."

"மையில எழுதிட்டேன்."

"அப்ப கிழிச்சுப் போடும். மவன இப்படி எழுத ஒமக்கு வாய் வருதா?"

"நாலு ஊர்க் கோயிலுக்கு உன் தம்பி மவள இழுத்துட்டுப் போனியே, அவ ஒரு வார்த்தை சொன்னாளா? அவளுக்கு அன்னிக்கே தெரியும்."

உம்ம அக்கா கை நின்னுட்டு.

"அவளுக்குத் தெரியுமா?"ன்னா.

"ஒத்தடம் குடுத்தவளே அவதான்"னேன்.

நான் எழுதுறத நிறுத்தல. அவ எந்திரிச்சுட்டா. மடியிலருந்த கீரையெல்லாம் கீழ கொட்டிப் போச்சு, பொறுக்கல. சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. உள்ளதான் உம்ம மவளும் இருக்கா. குழாயில தண்ணி மட்டும் விழுது.

இப்ப உம்ம அக்கா குரல் கேக்கு. "முகத்தக் கழுவிட்டு நல்ல சேலையாக் கட்டு"ங்கா. உம்ம மவ என்னமோ சொல்லுதா, எனக்குக் கேக்கல. "நான் சொல்லுதேன்லா, கட்டு"ங்கா.

நான் இங்கருந்தே மேல வாசிச்சேன். 'ஆனா அத்துப்போவல, நாளானாலும் வழி உண்டுன்னு டாக்டர்...'

ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க. உம்ம மவ அரக்குச் சேலை கட்டியிருக்கா. கண்ணு செவந்திருக்கு. உம்ம அக்கா என் பக்கம் திரும்பவே இல்ல. வாசல்ல உம்ம மவ ஒதுங்கி நின்னா, மாமியார் முன்னால போவட்டும்னு.

"நீ முன்னால நட"ன்னா உம்ம அக்கா.

"ஏட்டி, இன்னும் இருக்கு, கேட்டுட்டுப் போ. நல்லதே இனிமேத்தான் வருது"ன்னேன். நடையவிட்டு எறங்கிட்டாங்க. நான் சத்தம் கூட்டி வாசிக்கேன், 'மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும்...'